உதவிக்கு ஆளில்லாத வீட்டில் சின்னப் பிள்ளைகள்: இலங்கை மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாயிக்கு முட்டு வலி, வர முடியாது. ஆள் வைக்கச் சம்பளம் போதாது. பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) தூரம், இல்லாவிட்டால் நம் வேலை நேரத்துக்குத் திறந்திருக்காது. ஹட்டன், தலவாக்கலை, ராகலை, பண்டாரவளை என்று எங்கே கேட்டாலும் இதே கதைதான். பிறந்த பிள்ளை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை வீட்டிலேயே தாங்களாகப் பார்த்துக்கொள்ளும் தாய் தகப்பனுக்காக இதை எழுதுகிறோம். குளிர், ஈரம், விறகடுப்பு, ஒரே காம்பரா (அறை) ஆகியவற்றைப் பற்றிக் கொழும்பில் அச்சடித்த புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்கலாம்.

பிள்ளையைக் கீழே இறக்கினால் ஒரு வேலையும் ஓடாது. இரண்டு கையும் எப்போதுதான் கிடைக்கும்?

தானாகக் கிடைக்காது. பத்து நிமிடம் கண்ணை எடுத்தாலும் பயமில்லாத ஒரு மூலையை வீட்டுக்குள் உண்டாக்க வேண்டும். ஆறு அடிக்கு நாலு அடி போதும். சீமெந்துத் தரையில் குளிர் ஏறும். அதனால் முதலில் பிரித்து விரித்த காட்போட் பெட்டி, அதன் மேல் மடித்த சாக்கு, பிறகு பாய், கடைசியில் பழைய கம்பளி. வாரம் ஒரு தடவை காட்போட்டைத் தூக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் அடியில் ஈரம் கோர்த்துப் பூஞ்சணம் பிடித்திருக்கும். பிடித்திருந்தால் வீசிவிட்டு வேறு போடுங்கள்.

இரண்டு பக்கம் சுவர், மூன்றாவது பக்கம் கட்டில். மிச்சமுள்ள பக்கத்துக்குப் பலகைத் தடுப்பு. உயரம் 75 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. சட்டங்கள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும், இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. குறுக்குச் சட்டம் அடித்தால் அது ஏணி. ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரே நாளில் ஏறப் படித்துக்கொள்ளும்.

தடுப்பு தயாரானதும் நீங்களே உள்ளே உட்கார்ந்து, பிள்ளையின் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். தொங்கும் கேத்தல் வயர், மேசைச் சீலையின் நுனி, சுவரில் அறையாத அலுமாரி, பாயோரம் விழுந்த சேலை ஊக்கு, பட்டன் பற்றரி. நின்று பார்க்கும்போது இதில் பாதி கண்ணில் படாது.

மூலையைவிட முக்கியமானது அடுப்படி வாசலுக்கு ஓர் அரைக்கதவு. அதே உயரம், அதே நெட்டுச் சட்டம், கொண்டி அடுப்படிப் பக்கத்தில். ஒன்றுக்குத்தான் தச்சுக் கூலி கொடுக்க முடியும் என்றால் அரைக்கதவை முதலில் செய்யுங்கள்.

எந்த வேலையை எப்போது செய்வது?

பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை தூங்கியதும் கூட்டுவது, துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது. விழித்ததும், காலைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையோடு சோறு வடிப்பது. மாற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கிற, எரிகிற, வெட்டுகிற வேலையெல்லாம் பிள்ளை தூங்கும் நேரத்துக்கு. கூட்டுவதும் மடிப்பதும் கீரை ஆய்வதும் விழித்திருக்கும் நேரத்துக்கு; பிள்ளை கூடவே இருந்து குழப்பினாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயது வரை பல பிள்ளைகள் பகலில் இரண்டு தடவை தூங்கும், பிறகு ஒரு தடவை. காலைத் தூக்கத்தில் மதியச் சோறும் கறியும் முடித்துவிடுங்கள். இரவுக்குக் காலையில் வைத்த கறியை நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும். மாவைப் பிசைந்து வைத்தால் ரொட்டி சுட இருபது நிமிடம். இரவு படுக்கும் முன் ஒரு லீற்றர் ஃபிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர் நிரப்பி எட்டாத தட்டில் வைத்தால், விடியற்காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டும் அவசரம் இருக்காது. ஐந்து மணிக் குளிரில் நடக்கும் தீக்காயம் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. பின்னேரம் நாலு மணிக்குப் பின் தூங்க விட்டால் இரவு பத்து வரை விழித்திருக்கும், பிறகு உங்களுக்கு இரவே கிடையாது.

நுவரெலியாக் குளிரில் எப்படிக் குளிப்பாட்டுவது? தண்ணீர் ஒரு நாள் சுடுகிறது, ஒரு நாள் ஆறிவிடுகிறது.

கண் மட்டத்துக்குக் கலந்தால் அப்படித்தான். அளந்து கலவுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். (பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான், பிரஷர் குக்கர் இந்த ஊருக்கு ஆடம்பரமில்லை.) குழாய்த் தண்ணீர் 15 பாகை என்று வைத்துக்கொண்டால், கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டரைப் பங்கு சேர்க்க வேண்டும். வருவது 37, 38 பாகை, அதாவது உடம்புச் சூடு. அதே கோப்பையால் இரண்டு ஊற்றி, ஐந்து சேர்த்தால் கணக்கு சரி. பாதிக்குப் பாதி கலந்தால் 54 பாகைக்கு மேல் போகும். பெரியவர் கை தாங்கினாலும் பிள்ளையின் தோல் சில விநாடிகளில் வெந்துவிடும். பதுளை, கண்டி போன்ற கீழ்ப் பகுதிகளில் குழாய்த் தண்ணீர் இவ்வளவு குளிராது. அங்கே பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேசினில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், கொதித்தது பிறகு. ஒரு வயதுப் பிள்ளை வெறும் பேசினைக் கண்டால் ஏறி உட்காரும். அதில் கொதித்த தண்ணீர் மட்டும் இருக்கும் அந்த அரை நிமிடம்தான் பயங்கரம். நன்றாகக் கலக்கி, முழங்கையை முக்கிப் பாருங்கள். துவாய், சட்டை, நெப்பி எல்லாவற்றையும் முன்கூட்டியே கையெட்டும் இடத்தில் விரித்து வையுங்கள். நேரம், மூடுபனி விலகிய பிறகு பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள். ஐந்து நிமிடம் போதும். கைப்பிள்ளைக்குத் தினமும் முழுக்காட்ட வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் குளிப்பாட்டி, மற்ற நாள் முகம், கழுத்து மடிப்பு, கவட்டைத் துடைத்தால் சரி.

முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். வாளியும் அப்படியே. இரண்டு அங்குலத் தண்ணீரில் தவழும் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமும் வராது.

மழை பிடித்தால் நெப்பி காயவே மாட்டேன் என்கிறது.

தைத்த தடித்த நெப்பி மூடுபனியில் மூன்று நாளானாலும் காயாது. பழைய வொயில் சேலை, நைந்த சாரன் ஆகியவற்றை இரண்டரை அடிச் சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தையுங்கள். கட்டும்போது எத்தனை மடிப்பானாலும் மடிக்கலாம், காயப்போடும்போது ஒற்றைத் துணி, ஓரிரவில் காயும். கைப்பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போகும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை ஈரம் அதிகம். அந்த மாதங்களில் பிள்ளை பிறப்பதாக இருந்தால் முப்பது துண்டு தயாராக இருக்கட்டும்.

பிழிவதில்தான் பாதி வேலை முடியும். முறுக்கிப் பிழிந்த துணிகளைக் காய்ந்த துவாயின் மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் ஏறி நின்று மிதியுங்கள். துவாய் நனையும், நெப்பி அரை ஈரத்துக்கு வந்துவிடும். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கொடி கட்டித் துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விடுங்கள். அவசரமானால் அரை ஈரத்தில் இஸ்திரி போடலாம். அடுப்புக்கு நேர் மேலே கொடி கட்டாதீர்கள். விழுந்தால் தீ, விழாவிட்டால் புகை. புகை பிடித்த துணி பிள்ளையின் தோலோடும் மூக்கோடும் நாள் முழுக்கக் கிடக்கும். கடைப் பம்பஸை இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் காசும் தாங்கும், உங்கள் தூக்கமும் தப்பும்.

இரவில் காம்பராவுக்குள் தணல் சட்டி வைக்கலாமா?

கூடாது. கதவு யன்னலைச் சாத்தி, இடுக்குகளில் துணி செருகிய காம்பராவில் கரியோ தணலோ கனன்றால் காபன் மொனொக்சைட் சேரும். மணமில்லை, புகையில்லை, இருமல்கூட வராது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வாந்தி, தூக்கச் சொக்கு வந்தால் பிள்ளைகளை உடனே வெளியே தூக்கிக்கொண்டு வந்து 1990க்கு (இலவச அம்புலன்ஸ்) அழையுங்கள். படுக்கையைச் சூடாக்கச் சுடுதண்ணீர்ப் பையைக் கால் மணி நேரம் போர்வைக்குள் வைத்து, பிள்ளையைக் கிடத்தும் முன் எடுத்துவிடுங்கள்.

எத்தனை சட்டை போடுவது?

உங்களைவிட ஒன்று கூட. கையும் காலும் குளிர்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்தால் ஒன்றைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும் கைப்பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம். நழுவி மூக்கை மூடும்.

சேலைத் தொட்டில் நல்லதா?

கண் பார்க்கும் பகல் தூக்கத்துக்கு நல்லதுதான். பழைய லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வளைகளில் கறையான் இருக்கும். முதலில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து ஆட்டிப் பாருங்கள். தொட்டில் கம்பு இல்லாமல் கட்டினால் துணி இரண்டு பக்கமும் மூடி முகத்தில் படியும். பிள்ளை படுத்தபின் தொட்டிலின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. கீழே மெத்தையோ மடித்த கம்பளியோ வேண்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். பிள்ளை எழும்பி உட்காரத் தொடங்கிய அன்றே அவிழ்த்துவிட வேண்டும். மூத்த பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டு வெளியே போகாதீர்கள். இரவு நீண்ட தூக்கத்துக்குத் தட்டையான, அமுங்காத படுக்கைதான் சரி.

தனித்தனியாகச் சமைக்க நேரமில்லை. பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு வீட்டுச் சட்டியிலிருந்தே எடுக்கலாம், உப்பும் கொச்சிக்காயும் போடும் முன். சோறு மூன்று மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு ஒரு மேசைக்கரண்டி, வேகவைத்த கரட் அல்லது பூசணி ஒரு துண்டு, கொஞ்சம் கீரை, அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய். மசியுங்கள், தண்ணீர் ஊற்றிக் கரைக்காதீர்கள். கரண்டியைச் சரித்தால் வழியாமல் நிற்கும் பதம்தான் சரி. வழிந்தால் வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்தில் அரைக் கோப்பை வரை கூட்டுங்கள். ஒன்பது மாதத்திலிருந்து நாளைக்கு மூன்று நாலு வேளை. முட்டை, எலும்பு நீக்கிய மீன், மசித்த ஈரல் கொடுக்கலாம். கருவாட்டு நெத்தலியென்றால் ஊறவைத்து உப்பை நன்றாகக் கழுவிவிடுங்கள். தேன் ஒரு வயதுக்குப் பிறகுதான். முழுக் கடலை ஐந்து வயது வரை வேண்டாம். மூச்சுக் குழாயில் போய் அடைக்கும்.

தேயிலை விளையும் மண்ணில் இதைச் சொன்னால் கோபம் வரலாம். ஆனாலும் பிளேன்டீயில் ரொட்டியைத் தோய்த்து ஊட்டும் பழக்கத்தை விடுங்கள். தேத்தண்ணீர், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஓடியாடும் பிள்ளை சோர்ந்து வெளிறி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர். சோற்றோடு ஒரு துண்டு கொய்யாவோ தோடையோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மலைக்கு வேலைக்குப் போகும்போது பால் எப்படி?

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், ஒன்பது மணி நேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தாய்க்குச் சட்டப்படி உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. கேட்டு வாங்கலாம், சலுகையல்ல. பால் பீய்ச்சி வைத்தால் 25 பாகைக்குக் குறைந்த காம்பராவில் நாலு மணி நேரம் கெடாது. நம் குளிர் நமக்குச் செய்யும் ஓர் உபகாரம் இது. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். போத்தலைவிடக் கோப்பையாலோ கரண்டியாலோ கொடுப்பது நல்லது. போத்தல் முலையின் இடுக்கைக் கழுவிச் சுத்தமாக வைப்பது குளிர்காலத்தில் லேசில்லை.

கைப்பிள்ளையும் மூன்று வயசும் சேர்ந்தால்?

கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் இருபது நிமிடத்தில்தான் மூத்தது ஒப்பாரி வைக்கும், சீனிப் போத்தலைக் கவிழ்க்கும், கதவைத் திறந்துகொண்டு ஓடும். உட்காரும் முன் மூன்று காரியம்: மூத்ததை ஒன்றுக்கு இருக்கவைத்து, ஒரு துண்டு பாணோ வாழைப்பழமோ கையில் கொடுத்து, வாசல் கொண்டியைப் போடுங்கள். பிறகு அந்த நேரத்துக்கு மட்டும் திறக்கிற ஒரு பெட்டி: மூடிகள், பழைய சாவிக்கொத்து, துணித் துண்டுகள், ஒரு படப் புத்தகம். பால் முடிந்ததும் பெட்டியை மேலே வைத்துவிட வேண்டும். எப்போதும் கிடந்தால் அதற்கு மவுசு போய்விடும்.

சுடுதண்ணீரையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் தூக்காதீர்கள். பீலிக்கு (மலைத் தண்ணீர் விழும் பொதுக் குழாயடிக்கு) இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு துணி துவைக்கப் போக வேண்டாம். அந்த வேலை வீட்டுக்காரர் இருக்கும் நேரத்துக்கு.

அவர் பின்னேரம்தான் வருகிறார். அவரிடம் எதைக் கொடுப்பது?

"கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லாமல், ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். நெப்பி துவைத்துக் கொடியில் போடுவது முழுக்க அவருடையது. அல்லது இரவுச் சாப்பாடு ஊட்டித் தூங்கவைப்பது. முதல் வாரம் சரியாகச் செய்யமாட்டார். வாங்கித் திருத்தினால் மறுபடி உங்கள் தலையில் வந்துவிடும்.

மூத்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைக்கலாமா?

இல்லை. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தீக்காயத்தை, ஒரு புரையேறலைச் சமாளிக்கத் தெரியாது. பிழை நடந்தால் ஆயுளுக்கும் சுமக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுவது வேறு.

போனைக் கொடுத்தால் அமைதியாகிவிடுகிறது.

இரண்டு வயதுக்குள் வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொடுத்தே தீர வேண்டும் என்ற நாளில், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் கொடுங்கள். ஊட்டும்போது வேண்டாம்.

சளியா, ஆபத்தா? எப்படித் தெரிந்துகொள்வது?

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு எழும்பி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்தால் 60, இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வரை 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு. மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், எழுப்பியும் விழிக்காவிட்டாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) கரைத்தால் பக்கற்றில் உள்ள அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

தீக்காயம், மண்ணெண்ணெய், குளவி, அட்டை?

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர், இருபது நிமிடம். பற்பசை, கோப்பித்தூள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். நம் பீலித் தண்ணீர் பனி மாதிரி இருக்கும். அதனால் காயத்தை மட்டும் பிடித்து, மற்ற உடம்பைக் கம்பளியால் சுற்றுங்கள்.

மண்ணெண்ணெயோ மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். இவற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதுதான் முதல் பிழை.

குளவி கலைந்தால் பிள்ளையைப் போர்வையால் மூடித் தூக்கி, காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். நிறையக் கொட்டியிருந்தாலும், முகம் வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் 1990. அட்டைக்குப் பயம் வேண்டாம்: வாய் ஒட்டிய இடத்தில் நகத்தைச் சரித்துத் தள்ளினால் விழும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் ஓங்கி அறைந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்த நேரம் பிள்ளையைப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்தி இஸ்தோப்பில் போய் நில்லுங்கள். பத்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கைப்பிள்ளையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், தூக்கம் கிடைத்தும் தூங்க முடியாவிட்டால், குடும்ப நல உத்தியோகத்தர் எடை பார்க்க வரும்போது பிள்ளையைப் பற்றி மட்டும் பேசாமல் இதையும் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

அடைமழை இரவில் பிள்ளைகளோடு தனியாக இருந்தால்?

சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள். கண்டால் விடியும் வரை இருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மழைக்காலம் முழுக்க வாசல் ஆணியில் ஒரு பை தொங்கட்டும்: ஆளுக்கு ஒரு சோடி உடுப்பு, நெப்பி ஆறு, பொலித்தீன் சுற்றிய பிறப்புப் பத்திரமும் கிளினிக் புத்தகமும், பிஸ்கட், கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், ரோர்ச். கைப்பிள்ளையை நெஞ்சோடு கட்ட ஒரு சேலையும் வையுங்கள். வழுக்கும் படியில் மூத்ததைப் பிடிக்க ஒரு கை வெறுமையாக இருக்க வேண்டும்.